48 மணி நேரத்தில் மென்பொருள்: போட்டிக்குப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: முதல் தடவை ஹேக்கத்தான் என்ற மென்பொருள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஓப்பன் சோர்ஸில் எந்த ஃபிரேம்வொர்க்கை (தயாராக உள்ள அடித்தளத்தை) எடுப்பது?

பதில்: உங்கள் கைக்குப் பழகியது எதுவோ அதுதான். புதுசு கற்றுக்கொள்ள வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் மொழி ஓரளவு வருமென்றால் அதற்கான ஜாங்கோ ஃபிரேம்வொர்க் பக்கம் போகலாம், மாடலை (சேமிக்கும் தகவலின் அமைப்பை) எழுதி ஒரு வரியில் பதிவு செய்தால் தகவல் சேர்க்க, திருத்த, நீக்க ஒரு அட்மின் பக்கம் தயாராகிவிடும், லாகினும் கூடவே வருகிறது. இதையெல்லாம் கையால் எழுத உட்கார்ந்தால் முதல் நாள் அதிலேயே போய்விடும்.

கேள்வி: ஏற்கெனவே எழுதி வைத்த புரோகிராம் கோடைக் கொண்டுபோகலாமா?

பதில்: போட்டிக்குப் போட்டி மாறும், விதிகளைப் படிக்காமல் இறங்காதீர்கள். 2002-இல் தொடங்கிய லூடம் டேர் என்ற கணினி விளையாட்டு உருவாக்கும் போட்டியையே பாருங்கள். அதன் காம்போ பிரிவில் தனி ஆளாக 48 மணி நேரத்துக்குள் படம், ஒலி எல்லாம் நீங்களே செய்து சோர்ஸ் கோடையும் கொடுக்க வேண்டும், ஆனால் பொதுவான அடிப்படைக் கோடு கையிலிருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். ஜாம் பிரிவில் 72 மணி நேரம், குழுவாகவும் சேரலாம். பைவீக் என்ற இன்னொரு போட்டியில் பைத்தானில் விளையாட்டு எழுத ஒரு வாரம் தருகிறார்கள்.

கேள்வி: ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் உள்ள லைப்ரரியை (பிறர் எழுதி வைத்த கோடுத் தொகுப்பை)ச் சேர்த்தால் சிக்கல் வருமா?

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. அதோடு சேர்த்த மென்பொருளைப் பிறருக்குக் கொடுக்கும்போது உங்கள் கோடையும் ஜிபிஎல்லிலேயே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் இன்னும் கடுமையான வகையான ஏஜிபிஎல் என்றால், அதை மாற்றி சர்வரில் ஓட்டினாலே பயனர்களுக்கு சோர்ஸ் கிடைக்க வழி செய்ய வேண்டும். எம்ஐடி உரிமம் என்றால் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும். உரிமமே போடாத கோடை மட்டும் தொடாதீர்கள், பொதுவில் கிடக்கிறது என்பதற்காக எடுத்தாள அனுமதி இருப்பதாக ஆகாது.

கேள்வி: என் கணினியில் நன்றாக ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் உடைகிறது. கடைசி நேரத்தில் என்ன செய்வது?

பதில்: கடைசி நேரம் வரை விடாமலிருப்பதுதான் வழி. தலைப்பு மட்டும் உள்ள வெற்றுப் பக்கமாக இருந்தாலும் சரி, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அதைப் பொது முகவரியில் ஏற்றிவிடுங்கள், அப்புறம் ஒவ்வொரு வசதி முடிந்ததும் மறுபடி ஏற்றுங்கள். உடைந்தால் எது உடைத்தது என்று உடனே தெரியும். வழக்கமாக உடைவது இப்படித்தான்: படக் கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரியது, கோடில் சிறியது, விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் படமே இல்லை என்று சொல்லிவிடும். அப்புறம் எஸ்க்யூலைட். தகவலை டிஸ்க்கில் ஒரே கோப்பாக வைக்கும் அருமையான டேட்டாபேஸ்தான், ஆனால் சில ஹோஸ்டிங்குகளில் டிஸ்க் தற்காலிகமானது, ரீஸ்டார்ட் ஆனதும் நீங்கள் உள்ளிட்டதெல்லாம் காணாமல் போகும். கோடாட் 4 என்ற மென்பொருளில் விளையாட்டு செய்து பிரவுசரில் ஓட்டுகிறவர்கள் 4.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுத்து, திரெட் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் வசதி) இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். திரெட் இருந்தால் சர்வர் பக்கத்தோடு சில தனி ஹெடர்களை (கூடுதல் குறிப்புகளை) அனுப்பியாக வேண்டும், எல்லா ஹோஸ்டிங்கிலும் அதற்கு வசதி கிடையாது.

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து எழுதினால் கோடின் மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் கிட் கருவியில் ஒருவர் மாற்றம் இன்னொருவருடையதோடு மோதும் கான்ஃப்ளிக்ட் தலைவலி.

பதில்: வேலையை வசதிவாரியாகப் பிரிப்பதோடு கோப்புவாரியாகவும் பிரியுங்கள். மணிக்கணக்கில் தனி பிராஞ்சில் (கிளைப் பிரதியில்) ஒதுங்காமல் சின்னச் சின்னதாக எல்லோருக்கும் பொதுவான மெயினில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: தூங்கலாமா?

பதில்: கட்டாயம். விடிய விடியக் கண்விழித்து எழுதும் கோடில் வரும் பிழைகளைத் தேடவே மறுநாள் போய்விடும்.

கேள்வி: நினைத்ததில் பாதிதான் முடியும் போலிருக்கிறது. விலகிவிடலாமா?

பதில்: விலகாதீர்கள்! ஒரே ஒரு வேலை தொடக்கம் முதல் முடிவு வரை ஓடுகிற மாதிரி வைத்துக்கொண்டு மற்ற பட்டன்களை எடுத்துவிடுங்கள். ஓடும் நிலையில் இருக்கும்போதே திரையை ஓபிஎஸ் என்ற மென்பொருள் கொண்டு பதிவு செய்து வையுங்கள், டெமோ நேரத்தில் நெட் போனாலும் காட்ட ஏதாவது இருக்கும். ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எப்படி ஓட்டுவது என்பதை முதலில் எழுதுங்கள், நீங்கள் பயன்படுத்திய லைப்ரரிகளின் பெயர்களையும் உரிமங்களையும் அதன் கீழே.