தோபான்ஜியாங் ஏன் உப்புக் கரிக்கிறது?

கேள்வி: இங்குள்ள சீனக் கடையில் தோபான்ஜியாங் என்ற மிளகாய் விழுது வாங்கி மாபோ தோஃபு (காரசாரமான சீனத் தோஃபு குழம்பு) செய்தேன். உப்புக் கரித்தது, பச்சை வாடையும் போகவில்லை, சிவப்பும் ஏறவில்லை. எங்கே தப்பு?
- வாசகி, சிங்கப்பூர்

பதில்: கொதிக்கிற குழம்பில் கடைசியாகக் கரைத்துவிட்டீர்களோ? முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். சட்டியோடு கொட்ட வேண்டியதாயிற்று.

இது சாஸ் இல்லை, தாளிக்கிற சரக்கு. சிச்சுவான் மாகாணத்தில் செங்டுவை ஒட்டிய பீஷியனில் பெரிய அவரையையும் (ஃபாவா பீன்ஸ்) சிவப்பு மிளகாயையும் உப்புப் போட்டு, மண் சாடிகளில் வெயில் காட்டிக் கிளறி, ஒரு வருடத்துக்கு மேலும் புளிக்க வைப்பார்கள். கெடாமல் காப்பதே அந்த உப்புதான்.

ஒன்றரை மேஜைக்கரண்டி எடுத்துப் பலகையில் பொடியாகக் கொத்துங்கள். முழு அவரை பல்லில் மாட்டினால் உப்புக்கல்லைக் கடித்த மாதிரி இருக்கும். மூன்று மேஜைக்கரண்டி எண்ணெயில், சிறு தீயில் வதக்குங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் எண்ணெய் செக்கச்செவேலென்று பிரியும், வாடையும் மாறிவிடும். கருகினால் கசக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். அப்புறம்தான் இஞ்சி, பூண்டு, தண்ணீர், 400 கிராம் தோஃபு. தனியாக உப்பு வேண்டாம். சோயா சாஸ்கூட ருசி பார்த்துச் சில சொட்டுதான்.

இறக்கும்போது வறுத்துப் பொடித்த சிச்சுவான் மிளகு தூவுங்கள். நாக்கு மரக்காத மாபோவை மாபோ என்று சொல்ல எனக்கு மனசு வராது.

வீட்டில் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் லேபிளைப் பாருங்கள். பல வகைகளில் கோதுமை மாவு உண்டு.