கேள்வி-பதில்: அழுத்தினால் அணைந்துபோகும் கணினி

கேள்வி: மேசைக்கு அடியில் உள்ள சி.பி.யு.வைக் குனிந்து ஆன் செய்ய அப்பாவுக்கு முடியவில்லை. ஆன்லைனில் 19 மி.மீ. உலோக பட்டன் வாங்கி, வயர் நீட்டி மதர்போர்டில் இணைத்தேன். அழுத்தினால் ஓடுகிறது, சில நொடிகளில் அணைகிறது. மதர்போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்கிறார் சர்வீஸ்காரர். (கோவை வாசகர்)

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். முதலில் பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் அது இருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கணினி நிற்காமல் ஓடினால் தவறு பட்டனில்தான்.

கணினியின் பவர் பட்டன் ஃபேன் சுவிட்ச் போல மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. கணினி அணைந்திருக்கும்போதும் எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்சப்ளை பெட்டியின் ஊதா வயர் வழியாக 5 வோல்ட் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பட்டன் இரண்டு பின்களைத் தொடவைத்தால், மதர்போர்டு பச்சை வயரை கிரவுண்டோடு சேர்த்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்புகிறது. அதே பட்டனை நான்கு நொடி விடாமல் பிடித்திருந்தால், வலுக்கட்டாயமாக அணைக்கச் சொல்வதாக அர்த்தம். உங்கள் பட்டன் அழுத்தியதும் உள்ளேயே பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் அணைகிறது. கடையில் இதை 'புஷ் ஆன் புஷ் ஆஃப்' என்பார்கள். உங்களுக்கு வேண்டியது விரலை எடுத்ததும் வெளியே வந்துவிடும் 'புஷ் டு ஆன்'.

இதே அனுபவம் எனக்கும் உண்டு. பட்டனைச் சந்தேகிக்கத் தோன்றாமல், 2,400 ரூபாய்க்குப் புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டினேன். அப்போதும் அணைந்தது. கடைசியில் மாற்றியது 90 ரூபாய் பட்டனை.

இதில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. இரண்டு ரகமும் வெளியே பார்க்க அச்சு அசலாக ஒன்றுதான். விற்பவர்கள் இரண்டுக்கும் ஒரே படத்தைப் போட்டு, தலைப்பில் 'கம்ப்யூட்டர் பவர் பட்டன்' என்று எழுதி, எந்த ரகம் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கணினிக்கு என்று சொல்லி விற்றுவிட்டு, கணினிக்கு ஆகாததை அனுப்புவது ஏமாற்றுதான். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு சொல்ல வேண்டும். விளம்பரப் பக்கத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: பட்டன் வயரில் எது ப்ளஸ், எது மைனஸ்? (தேனி)

பதில்: பட்டனுக்கு இரண்டும் கிடையாது, எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். எல்.இ.டி. விளக்குக்கு மட்டும் உண்டு.

கேள்வி: வட்டமாக விளக்கு எரியும் பட்டன் வாங்கினேன். பட்டன் வேலை செய்கிறது, விளக்கு மினுக்கென்றுகூட எரியவில்லை. 12 வோல்ட் என்று போட்டிருந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா? (சேலம்)

பதில்: கிடைக்காது, கேட்கவும் கூடாது. 12 வோல்ட் என்று விற்றவர் எழுதியிருக்கிறார், நீங்கள் படிக்கவில்லை. மதர்போர்டின் விளக்குப் பின்களில் வருவது அதிகபட்சம் 5 வோல்ட். மாதத்துக்கு நான்கு பேராவது இதே கேள்வியை அனுப்புகிறீர்கள். படத்துக்குக் கீழே இருக்கும் நான்கு வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கணினி ஆன் ஆகவில்லை என்று பக்கத்துக் கடையில் கொடுத்தேன். 'பவர் போர்டு' மாற்றியதாக 1,800 ரூபாய் வாங்கினார்கள். பில் இல்லை. மூன்றாம் நாளே பழைய கதை. திறந்து பார்த்தால் புதிதாக இருப்பது முன்பக்க பட்டனும் இரண்டு வயரும்தான். 'கொடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டோம்' என்கிறார்கள். நான் தையல் வேலை செய்பவள். (விருதுநகர்)

பதில்: அம்மா, உங்கள் உழைப்பின் காசு அது, விடாதீர்கள். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் வேறு கெடு குறிப்பிடாதபோது, பழுதான பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. சுவரில் என்ன பலகை மாட்டியிருந்தாலும் சட்டம் இதுதான். போனில் பணம் அனுப்பிய பதிவு, கடைக்காரருடன் பேசிய வாட்ஸ்அப் செய்தி, மாற்றிய பட்டனின் படம் மூன்றும் சான்றுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. மனு எழுத உதவி வேண்டுமானால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: பழைய கம்பெனி மினி கணினி வாங்கினேன். பட்டன், விளக்கு வயர்களை மாட்டும் சாதாரண ஒன்பது பின் வரிசை அதன் மதர்போர்டில் இல்லை. குத்துமதிப்பாக மாட்டியதில் ஒரு பின் உடைந்துவிட்டது. விற்றவர் பொறுப்பா? (ஓசூர்)

பதில்: இல்லை. பெரிய நிறுவனங்களின் கணினிகளில் பின் வரிசை அவரவர் சொந்த அமைப்பு. மாடல் எண்ணை வைத்து கையேட்டைத் தேடிப் பார்க்காமல் குத்துமதிப்பாக மாட்டியது நீங்கள்.

கேள்வி: காலிங் பெல் சுவிட்ச் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா? (காரைக்குடி)

பதில்: தாராளமாக. அதுவும் 'புஷ் டு ஆன்' ரகம்தான். ஆனால் 230 வோல்ட் வயர் ஓடும் சுவிட்ச் பெட்டிக்குள் அதைப் பொருத்தவே பொருத்தாதீர்கள், தனிப் பெட்டி வையுங்கள்.