கஞ்சா வழக்கில் சிறையில் இருப்பவரை மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாகச் சொன்னால் ஜாமீன் கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் வாயால் சொன்னால் கிடைக்காது. தம்பிக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வக்கீலான என்னிடம் இதைக் கேட்டு வருவது பெரும்பாலும் அக்காக்கள்தான்.

முதலில் எஃப்.ஐ.ஆரில் எடையைப் பாருங்கள். கஞ்சா ஒரு கிலோவுக்குள் என்றால் சிறிய அளவு. அதில், போதைக்கு அடிமையானவர் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாகவே சிகிச்சைக்குப் போனால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 64ஏ பிரிவின்படி வழக்கிலிருந்தே விலக்கு கேட்கலாம். பாதியில் விட்டுவிட்டு வந்தால் விலக்கும் போய்விடும். 20 கிலோவைத் தாண்டினால் ஜாமீனைக் கடினமாக்கும் அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அங்கே மையத்தின் கடிதம் பெரிதாக எடுபடாது.

என் கட்சிக்காரனுக்கு வயது 22. எடை 1 கிலோ 150 கிராம், அதாவது இரண்டுக்கும் நடுவில். எடை மட்டும் எப்படி அடிக்கடி ஒரு கிலோவைக் கொஞ்சமாகத் தாண்டி நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. போலீஸ் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், தராசு உங்களுடையது.

முதல் மனு தள்ளுபடி. என் தவறுதான். "இவரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதம்" என்று ஒரே வரி, கீழே ரப்பர் ஸ்டாம்ப்; அந்தக் கடிதத்தை நம்பிப் போனேன். நீதிபதி தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார். "பதிவு எண் எங்கே? எத்தனை நாள்? ஓடிப்போனால் யார் சொல்வார்கள்?" நான் கோட்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

இரண்டாவது மனுவுக்கு வேறு மையம். 2017 மனநலச் சட்டப்படி பதிவு செய்த சான்று, 90 நாள் சிகிச்சைத் திட்டம், ஆள் வெளியேறினால் அன்றே தெரிவிப்போம் என்ற உறுதி, அம்மாவின் பிரமாணப் பத்திரம் எல்லாம் வைத்தேன். கிடைத்தது.

அப்புறம்தான் கூத்து. உத்தரவில் வழக்கமான கண்டிஷன்: தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. மையம் 70 கிலோமீட்டர் தள்ளி. முதல் மாதம் வெளியே விடவும் மாட்டார்கள். வராந்தாவில் அந்த அம்மா கேட்டார்: "கையெழுத்துக்குப் போறதா சார், ஆஸ்பத்திரிக்குப் போறதா?" கண்டிஷனை மாற்ற இன்னொரு மனு, ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பையன் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தது அவன் பொட்டலம் வாங்கிய அதே தெரு வழியாக. பிறகு, மையப் பொறுப்பாளர் வாரம் ஒருமுறை கோர்ட்டுக்கு வருகைக் கடிதம் அனுப்பினால் போதும் என்று மாற்றினார்கள். உங்கள் வக்கீலிடம் இதை முதல் மனுவிலேயே கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.

23-ஆம் நாள் அவன் சுவர் ஏறிக் குதித்தான். இரவே அம்மா பஸ்ஸில் கூட்டிவந்து திரும்பச் சேர்த்தார். அதை மறைத்தீர்களா என்று பின்னூட்டத்தில் வருவீர்கள். மறைக்கவில்லை, அந்த வாரக் கடிதத்திலேயே இருந்தது. அரசு வழக்கறிஞர் ஜாமீனை ரத்து செய்யச் சொன்னார். அன்றிரவே திரும்பச் சேர்ந்துவிட்டதால் நீதிபதி எச்சரித்து விட்டுவிட்டார்.

கஞ்சாக்காரனுக்கு ஏன் வாதாடுகிறாய் என்பவர்களுக்கு: விற்றவனுக்கு நான் போகவில்லை, போயிருந்தாலும் தப்பில்லை, அது என் தொழில். இந்தப் பேச்சால் எனக்கு வாடகைக்கு வீடே கிடைப்பதில்லை. போன மாதம் மட்டும் ஆறு வீடு. அட்வான்ஸ் வரை பேசுவார்கள், வக்கீல் என்றதும் "ஊர்ல இருந்து பையன் வர்றான் சார்" என்பார்கள். "டு லெட்" போர்டு மட்டும் மறுநாளும் தொங்கும்.

சரி, தம்பி விஷயம். மையம் தெரியாவிட்டால் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. கடிதம் வாங்கும் முன் நேரில் போய்ப் படுக்கை காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.