பாதி விலைக்கு இன்வாய்ஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார்: பழைய காரை இறக்குமதி செய்யலாமா?

கேள்வி: வெளிநாட்டில் 1972-ஆம் ஆண்டுக் கார் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். எஞ்சின் மட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டது. "இவ்வளவு பழைய காருக்குச் சுங்க வரியே வராது. வந்தாலும் பயப்பட வேண்டாம், இன்வாய்ஸில் பாதி விலை போட்டுத் தருகிறேன், மீதியைத் தனியாக அனுப்பிவிடுங்கள்" என்கிறார் விற்பவர். இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன இரண்டில், வரியே வராது என்பது அரை உண்மை. பாதி விலை இன்வாய்ஸ் குற்றம்.

குற்றத்தை முதலில் பார்ப்போம். உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தப்படி, பொருளுக்கு உண்மையில் கொடுத்த, அல்லது கொடுக்க வேண்டிய முழுத் தொகைதான் வரிக்கு அடிப்படை. இரண்டு தவணையாக அனுப்பினாலும், இரண்டு வங்கிக் கணக்குகள் வழியே அனுப்பினாலும் அது ஒரே விலைதான். சுங்கப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், விற்பவர் அல்ல. ஆகவே அபராதம், பறிமுதல், வழக்கு எல்லாம் உங்கள் மேல்தான் வரும். அவர் வேறு நாட்டில் பத்திரமாக இருப்பார். போதாக்குறைக்கு, பாதி விலைக்குக் காப்பீடு எடுத்த கார் கப்பலில் சேதமானால் இழப்பீடும் அந்தப் பாதிக்குள்தான். இந்த யோசனையை அவர் மின்னஞ்சலில் எழுதியிருந்தால், முழு விலைக்கு மட்டுமே இன்வாய்ஸ் வேண்டும் என்று இன்றே எழுத்தில் பதில் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் "பழையது" என்பதற்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு கணக்கு. அமெரிக்காவில் தயாரித்து 25 ஆண்டுகள் ஆன காருக்கு அந்நாட்டுப் பாதுகாப்புத் தரவிதிகள் பொருந்தாது. கனடாவில் அதே சலுகைக்கு 15 ஆண்டுகள் போதும். இந்தியாவில் 2021-இல் வந்த விதிகளின்படி, விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற சில காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்ட முடியாது. ஆஸ்திரேலியாவில் இறக்குமதி அனுமதி கையில் வந்த பிறகுதான் காரைக் கப்பலில் ஏற்ற வேண்டும். அங்கே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த பொருள்களுக்கும் தடை உண்டு. பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் கல்நார் இருந்ததால் பலருடைய வண்டிகள் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கின்றன. காரை நாட்டுக்குள் விடுவார்களா, சாலையில் ஓட்ட விடுவார்களா, வரி எவ்வளவு என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு ஆம் என்றால் மற்றதற்கும் ஆம் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இனி வரி. சுங்கத்துறை ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு தலைப்பு எண் வைத்திருக்கிறது; சாதாரணக் கார் தலைப்பு 8703-இல் வரும். வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருள் 9705-இல் வரும். பல நாடுகளில் இரண்டாவதற்கு வரி மிகக் குறைவு, சில இடங்களில் சுங்க வரியே இல்லை. விற்பவர் சொல்வது இதைத்தான். ஆனால் வயது மட்டும் ஒரு காரை 9705-க்குள் கொண்டுவந்துவிடாது. 1998-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிளீஸ் வழக்கில் சொன்ன அளவுகோல் இது: வண்டிக்குக் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மாடல் இப்போது உற்பத்தியில் இருக்கக் கூடாது, சேசிஸ், ஸ்டியரிங், பிரேக், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி அசல் நிலையில் இருக்க வேண்டும். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே வகைப் பாகம் போட்டால் பாதகமில்லை. நவீன எஞ்சினைப் பொருத்தியிருந்தால் கதை வேறு. உங்கள் காரின் தலைவிதி அந்த எஞ்சினில்தான் இருக்கிறது. அது அதே மாடலுக்கு அந்தக் காலத்தில் வந்த எஞ்சினா, எப்போது மாற்றினார்கள், அதற்கான பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், 8703-க்கு உரிய முழு வரியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த விலையிலும் கார் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் மேலே போங்கள்.

ஊகத்தில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம், பொருள் எந்தத் தலைப்பில் வரும் என்ற வகைப்பாட்டை இறக்குமதிக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறும் வழியைத் தருகிறது. முன்தீர்ப்பு என்பார்கள். அது சுங்கத்துறையைக் கட்டுப்படுத்தும், கிளியரிங் ஏஜென்ட்டின் வாய்வார்த்தை கட்டுப்படுத்தாது. சில வாரங்கள், சில நாடுகளில் சில மாதங்கள் ஆகும். அதுவரை விற்பவர் பொறுக்க மாட்டார் என்றால், வேறு காரைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆவணங்களில் சேசிஸ் எண்ணைக் கவனியுங்கள். 17 இலக்க எண் 1981 மாடல்களிலிருந்துதான் பொதுவானது. உங்கள் 1972 காரின் எண் அதைவிடக் குறுகியதாக இருக்கும். தகட்டில் உள்ள எண், உரிமைப் பத்திரம், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) நான்கிலும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. தகட்டையும் எஞ்சின் எண்ணையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டி மேல் கடன் இல்லை, திருட்டுப் புகார் இல்லை என்பதற்கும் அந்நாட்டுப் பதிவேட்டிலிருந்து சான்று வாங்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் துறைமுகத்தில் மதிப்பு குறித்துத் தகராறு வந்தால், பிணைத்தொகை கட்டிக் காரை எடுத்துக்கொண்டு பிறகு வாதாடலாம். மதிப்பீட்டு ஒப்பந்தமே இதற்கு இடம் தருகிறது. மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. டெமரேஜ், அதாவது துறைமுகத்தில் கிடக்கும் நாள்களுக்கான கட்டணம், நாளுக்கு நாள் ஏறும் என்பதால், பிணைத்தொகையில் காரை விடக் கேட்கும் மனுவை முதல் நாளே கொடுக்க வேண்டும்.

முன்பணத்தை நேரடியாக அனுப்பாமல், நிபந்தனைகள் நிறைவேறும்வரை மூன்றாம் தரப்பு பணத்தை வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் போடலாம் என்று அவருக்கு எழுதுங்கள். இறக்குமதி அனுமதி மறுக்கப்பட்டாலோ, எஞ்சின் பற்றி அவர் சொன்னது பொய் என்று தெரிந்தாலோ முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சேரும் நாட்டின் பெயரையும் எஞ்சின் எண்ணையும் எனக்கு அனுப்பினால், எந்தத் தலைப்பில் முன்தீர்ப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.