பள்ளிக் கபடியைப் படம் எடுக்க எஃப் 2.8 லென்ஸ்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் கபடி ஆடுகிறாள். என்னிடம் சாதாரண கேனான் கேமராவும் 55-250 ஜூம் லென்ஸும் இருக்கின்றன. எஃப் 2.8 லென்ஸ் இல்லாமல் விளையாட்டைப் படம் எடுக்கவே முடியாது என்கிறார்கள். உண்மையா?

பகல் ஆட்டத்துக்கு உண்மை இல்லை. இரவு ஆட்டத்துக்குப் பாதி உண்மை. அந்தப் பாதியைக் கீழே சொல்கிறேன். எஃப் 2.8 என்பது லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்லும் எண்; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கடன் வாங்கியாவது 70-200 எஃப் 2.8 வாங்குங்கள், இல்லாவிட்டால் கைபேசியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நிறையப் பேர் ஆதரவு வேறு. உங்கள் நிலைமை எனக்குத் தெரியாது. ஆனாலும் கேமராவையே யோசித்து யோசித்துத்தான் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மகளுக்கு ஷூ, முழங்கால் உறை, வெளியூர் போட்டிக்குப் பஸ் செலவு என்று ஏற்கெனவே கையைக் கடித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவரிடம் லட்ச ரூபாயைத் தாண்டும் லென்ஸை வாங்கு, இல்லையென்றால் விட்டுவிடு என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்லன். மின்வாரியத்தில் வேலை. கல்லூரி நாள்களில் கபடியில் இடது கார்னர், அதாவது பிடிப்பவர்கள் வரிசையின் இடது ஓரத்தில் நின்று ஆடியவன். அண்ணன் மகள் ஆடத் தொடங்கியதிலிருந்து குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, ஊர்த் திருவிழாக் கபடி என்று எங்கே நடந்தாலும் கேமராவோடு போய்விடுவேன். என்னிடம் இருப்பதும் உங்களிடம் இருக்கும் அதே 55-250தான். இதை வைத்துக்கொண்டு எடுத்த ஒரு படத்தைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

எங்கள் மாவட்டத்தில் பாரதியார் தின விளையாட்டுப் போட்டி. மாணவியர் கபடி அரையிறுதி. புள்ளிகள் சமம், ஆட்டம் முடியும் நேரம். எதிரணியில் ஒல்லியான ஒரு பெண் பாடி வருகிறாள். அதற்கு முன் அவள் வந்த ரெய்டுகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் வலது காலை நீட்டி, கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டப் பார்க்கிறாள். திரும்பும்போது அந்தக் கால் அரை நொடி பின்தங்குகிறது. எங்கள் பக்கத்துக் கார்னர் பெண்ணும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் குனிந்து நின்ற விதத்திலேயே கணுக்காலுக்குப் போகப் போகிறாள் என்று தெரிந்தது. கார்னர் ஆடியவனுக்கு இது தெரியாமல் இருக்காது.

கணுக்காலைப் பிடித்தால் அடுத்து என்ன? கார்னருக்கு உள்பக்கம் நிற்கும் கவர் பெண்கள் மேலே விழுவார்கள். பாடுகிறவள் தரையோடு தரையாக நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டுவாள். அதனால் அதுவரை இறுதிக்கோட்டின் மூலையில் நின்றவன், அந்த ரெய்டுக்கு முன்பே எழுந்து நடுக்கோட்டுப் பக்கம் போய்விட்டேன். நடுவருக்குப் பின்னால், அவர் பார்வையை மறைக்காமல் சற்றுத் தள்ளி மண்டியிட்டேன். ஜூமை 55 மிமீக்கே, அதாவது அகலமாகக் காட்டும் முனைக்கே கொண்டுவந்துவிட்டேன். அந்த நெருக்கத்தில் அதற்கு மேல் போனால் கை இருக்கும் முகம் இருக்காது, முகம் இருந்தால் கோடு இருக்காது.

நினைத்ததுபோலவே நடந்தது. படத்தில் மூன்று பெண்கள் அவள் கால்மேல் கிடக்கிறார்கள். வாய் திறந்திருக்கிறது, பாட்டு இன்னும் நிற்கவில்லை. வலது கை முழு நீளத்துக்கு நீண்டு, விரல்கள் சுண்ணாம்புக் கோட்டை அழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருக்கின்றன. நடுவிரல் நுனியில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, நகத்துக்குள் செம்மண். நடுவரின் விசில் அவர் வாய்க்குப் போகும் வழியில் இருக்கிறது. எங்கள் அணி தோற்றது. ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு அந்த ஒல்லிப் பெண்ணின் பள்ளிக்குக் கொடுத்து அனுப்பினேன். இன்று அவர்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அது மாட்டியிருக்கிறது என்று அவளுடைய விளையாட்டு ஆசிரியர் சொன்னார்.

அன்றைக்கு ஸ்டுடியோக்காரர் ஒருவரும் வந்திருந்தார். பரிசளிப்பு விழாவுக்காக அமர்த்தப்பட்டவர், நல்ல மனிதர். ஒன்றரைக் கிலோ எடையுள்ள வெள்ளை லென்ஸ் வைத்திருந்தார். பக்கக்கோட்டின் நடுவில் நின்ற இடத்திலேயே நின்று எடுத்தார். அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் முதுகுகள். லென்ஸில் எந்தக் குறையும் இல்லை. அவருக்குக் கபடி தெரியாது, அவ்வளவுதான். அவர் லென்ஸ் என்னிடம் இருந்திருந்தால் அந்தப் படத்தின் பின்னணி இன்னும் மெழுகியதுபோல வந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். விரல் நுனியில் இருந்த சுண்ணாம்பு அதே சுண்ணாம்புதான்.

இனி கணக்கு. பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆண்களுக்கே 13க்கு 10தான். கால்பந்து மைதானத்தைப் போல நூறு மீட்டர் அல்ல. இறுதிக்கோட்டுக்கு நான்கு மீட்டர் பின்னால் நீங்கள் நின்றால் நடுக்கோடு பத்து மீட்டர் தூரத்தில் இருக்கிறது. உங்கள் கேமராவில் 100 மிமீ வைத்து நெடுக்குவாக்கில் பிடித்தால் நிற்கும் ஆள் முழுதாக அடங்கிவிடுவார். 250க்கு இழுத்தால் இடுப்புக்கு மேலே மட்டும். ஆகவே கபடிக்கு 300, 400 எல்லாம் தேவையே இல்லை. 55இலிருந்து தொடங்குவதுதான் உங்கள் லென்ஸின் பலம். ஆட்டம் உங்கள் மேலேயே வந்து விழும்போது 70இலிருந்து தொடங்கும் லென்ஸ்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் போக வேண்டியிருக்கும்.

நிற்க வேண்டிய இடம் இறுதிக்கோட்டின் மூலை. பாடி வருகிறவர் பிடிப்பவர்களைப் பார்த்துத்தான் வருவார்; பிடிப்பவர்களுக்குப் பின்னால் நின்றால்தான் அவர் முகம் கிடைக்கும். உங்கள் மகள் ரெய்டர் என்றால் எதிரணிக்குப் பின்னால் நில்லுங்கள். அவள் பிடிக்கிறவள் என்றால் பக்கவாட்டுக்கு வாருங்கள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், நீங்களும் மாற வேண்டும். ஆட்டம் இழந்தவர்கள் உட்காரும் இடம் இறுதிக்கோட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, அவர்களை மறைக்காதீர்கள். நிற்காமல் மண்டியிடுங்கள். நின்று எடுத்தால் பின்னணியில் வெறும் தரை. மண்டியிட்டால் ஆடுகிறவர்கள் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்பார்கள். பின்னால் மோட்டார் சைக்கிள் வரிசையோ ஃப்ளெக்ஸ் பலகையோ தெரிந்தால் இரண்டு அடி நகர்ந்து பாருங்கள், பெரும்பாலும் ஒரு வேப்பமரமாவது கிடைக்கும்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) 100, எஃப் 16 என்றால் ஷட்டர் திறந்திருக்க வேண்டியது ஏறக்குறைய நூறில் ஒரு நொடி என்பது பிலிம் காலத்திலிருந்தே புகைப்படக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. அதையே, உங்கள் லென்ஸ் ஜூமை நீட்டும்போது திறக்கக்கூடிய எஃப் 5.6க்கு மாற்றினால் எண்ணூறில் ஒரு நொடி வருகிறது. ஐஎஸ்ஓவை 200 ஆக்கினால் ஆயிரத்து அறுநூறில் ஒன்று. கபடிக்கு ஐந்நூறில் ஒன்று குறைந்தபட்சம், ஆயிரத்தில் ஒன்று இருந்தால் நிம்மதி. பிறகு எதற்குப் பகலில் எஃப் 2.8? ஷட்டரை ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். ஃபோகஸை, ஓடுகிறவரை விடாமல் தொடரும் ஏஐ சர்வோவில் வைத்து நடுப்புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் குறுக்கே வரும் கவர் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொள்ளும். ரெய்டு முப்பது நொடி. அது முழுவதும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் பிடி விழும் நேரத்தில் கேமரா மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். குதிகால் தரையை விட்டு எழும்போது மூன்று, நான்கு படங்கள், போதும். லென்ஸில் இருக்கும் ஐஎஸ் வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், ஓடுகிறவரை நிறுத்திவைக்காது. இதை எத்தனையோ பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இரவு ஆட்டம் வேறு விஷயம். திருவிழாக் கபடியில் நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம் நட்டிருப்பார்கள். நமக்குப் பளீர் என்று தெரியும், கேமராவுக்கு அது மங்கல். எஃப் 5.6இல் ஐஎஸ்ஓ 6400க்குப் போனாலும் ஐந்நூறில் ஒன்று கிடைப்பது கஷ்டம். எஃப் 2.8 இதைவிட நான்கு மடங்கு வெளிச்சம் தரும், அந்த அளவுக்கு அவர்கள் சொல்வது சரி. ஆனால் 50 மிமீ எஃப் 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது. விலை அந்தப் பெரிய லென்ஸில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அது எஃப் 5.6ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் தருகிறது. ஜூம் கிடையாது. களமே 12 மீட்டர்தானே, காலால் நடந்து சரிசெய்துகொள்ளலாம்.

இன்னொன்று, இது என் வேலையோடு சேர்ந்தது என்பதால் சொல்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஐந்நூறில் ஒரு நொடியில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் மஞ்சளாகவும் வரும். கேமரா பழுது என்று நினைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஃப்ளிக்கர் தவிர்ப்பு என்று அமைப்பு இருந்தால் இயக்குங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டு நல்லதைப் பொறுக்குங்கள்.

விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருப்பவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். பத்திரிகைக்கு எடுப்பவருக்கு அது தொழில் கருவி, அவர் வாங்கத்தான் வேண்டும். நான் பேசுவது மகளின் ஆட்டத்தை எடுக்க நினைக்கும் ஒரு பெற்றோரிடம்.

லென்ஸைவிட முக்கியமான ஒன்றை யாரும் எழுதவில்லை. பெண் பிள்ளைகளின் ஆட்டம் இது. பிடியில் உடை விலகும், இழுபடும். இரண்டு அணிகளின் விளையாட்டு ஆசிரியர்களிடமும் முன்பே அனுமதி கேளுங்கள். மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன் அப்படிப்பட்ட படங்களை எல்லாம் அழித்துவிடுங்கள், ஃபோகஸ் எவ்வளவு அருமையாக விழுந்திருந்தாலும் சரி. நான் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கவே அழிப்பேன். மற்ற வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைக் கேட்காமல் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். இதில் கண்டிப்பாக இருந்தால்தான் அடுத்த போட்டிக்கு உங்களைக் கோட்டுக்கு அருகில் விடுவார்கள். விடவும் வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் கிடந்து உறுத்துகிறது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டி ஏன் பதினொன்றரைக்குத் தொடங்குகிறது? சிறப்பு விருந்தினர் வரவில்லை என்பதால். ஏழு மணிக்கே வந்த பிள்ளைகள் சீருடையில் வரிசையாக வெயிலில் நிற்கிறார்கள். காலையில் சாப்பிட்டார்களா என்று கேட்க ஆள் இல்லை. விருந்தினர் வந்ததும் குத்துவிளக்கு, சால்வை, பேச்சு. அதன் பிறகு உச்சி வெயிலில் சுடுமண்ணில் ஆடச் சொல்கிறார்கள். நான் இதைப் புகைப்படக்காரனாகச் சொல்லவில்லை. உச்சி வெயிலில் கண்குழி கறுத்து முகம் கெட்டுப்போகும் என்பது சின்ன நஷ்டம். உள்ளங்கால் கொப்பளித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் எடுக்கும் குழுப் படத்திலும் கோப்பை விருந்தினர்கள் கையில், ஆடிய பிள்ளைகள் கீழே தரையில்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணிகள் இரண்டும் தங்கம் வென்றன. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ். ஊரே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். என் கண்ணில் பட்ட படங்கள் எல்லாம் மாலையும் சால்வையுமாக இருந்தன. அவர்கள் பள்ளி நாள்களில் பாடிப் போன ஒரு படத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. யாரோ ஒரு பெற்றோர், ஒரு ஆசிரியர் சாதாரண லென்ஸில் எடுத்து வைத்திருக்கக்கூடும். எஃப் 2.8 இல்லையே என்று வீட்டில் இருந்துவிட்டால் அதுவும் இல்லை.

ஆகவே இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் லென்ஸுக்கு, பக்கவாட்டு வெயிலை மறைக்கும் ஒரு ஹூட் மாட்டுங்கள். புழுதியில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். மகளின் அணி இரவு ஆட்டங்களுக்குப் போகிறதா என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போகிறது என்றால் அந்த 50 மிமீ லென்ஸை மட்டும் பழையதாகத் தேடுங்கள். பள்ளிப் போட்டிகள் அநேகமாகப் பகலிலேயே முடிந்துவிடும், அதற்கு உங்களிடம் இருப்பது போதும்.