ஸ்பெஷல் சாதா

கேள்வி: போன மாதம் விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலையோரக் கடையில் பிரபல நடிகர் ஒருவரைப் பார்த்தேன். காரை விட்டு இறங்கி, சாதாரணமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். திகைப்பில் செல்ஃபி எடுக்கக்கூடத் தோன்றவில்லை. எதிர்பாராத இடத்தில் இப்படிப் பிரபலங்களைச் சந்தித்த அனுபவம் உங்களுக்கு உண்டா?
- வாசகர் ஒருவர், விருத்தாசலம்

பதில்: டீயை வேறு எப்படிக் குடிப்பார்கள்? கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, சூடு தாங்காமல் கை மாற்றி, ஆடையை ஊதி ஓரம் தள்ளி உறிஞ்சுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. நடிகர் என்றால் ஸ்லோமோஷனில் குடிப்பார், பின்னாலிருந்து காற்றடிக்கும், மாஸ்டர் ஆற்றுகிற டீ அந்தரத்தில் நிற்கும் என்று நினைத்தீர்களா? பக்கத்தில் நின்ற லாரி டிரைவரும் அதே டீயை அதே மாதிரிதான் குடித்திருப்பார். அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை.

'சாதாரண' என்ற சொல்லோடு எனக்குச் சொந்தம் உண்டு. நான் பிறந்ததே சாதாரண வருஷம். தன்னடக்கம் என்று நினைக்க வேண்டாம். அறுபது தமிழ் வருஷங்களில் 44-ஆவதற்குப் பெயரே 'சாதாரண'. 1970 சித்திரையில் பிறந்து அடுத்த பங்குனியோடு முடிந்தது. என் ஜாதகத்தின் முதல் வரி, 'நிகழும் மங்களகரமான சாதாரண வருஷம்'. அதற்குக் கீழே ஜோசியர் எழுதிய வாகன யோகம், வெளிநாட்டு யோகம் எதுவும் பலிக்கவில்லை. முதல் வரி மட்டும் அப்படியே பலித்தது. எனக்குப் பிறகு பிறந்த தங்கை 'பரிதாபி' வருஷம். அவளோடு ஒப்பிட்டால் நான் தப்பித்தேன். 2030-இல் மறுபடி சாதாரண வருஷம் வருகிறது, எனக்கும் அறுபதாம் கல்யாணம் வருகிறது. அந்தப் பத்திரிகையிலும் இதே வரியைத்தான் அச்சடிக்க வேண்டும்.

ஓட்டலில் சொல்கிற 'சாதா' இந்தச் சாதாரணத்தின் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது வடக்கிலிருந்து வந்த வேறு சொல். ஆனால் அந்தச் சொல்லை வைத்து நம் ஓட்டல்காரர்கள் ஒரு அற்புதம் செய்திருக்கிறார்கள்: 'ஸ்பெஷல் சாதா'. ஒன்று ஸ்பெஷலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சாதாவாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எப்படி ஒரே தோசையாகும் என்று கும்பகோணத்தில் ஒரு சர்வரிடம் கேட்டேன். "சாதாதான் சார், கொஞ்சம் நெய் கூட, பத்து ரூபாயும் கூட" என்றார். உங்கள் நடிகர் அதுதான். வீட்டில் டீ குடித்தால் சாதா. கடையில் நின்று குடித்தால் ஸ்பெஷல் சாதா.

'எளிமை'யை நாம் ரொம்ப மலிவாகத் தூக்கிக் கொடுக்கிறோம் என்பது என் பழைய புலம்பல். தேர்தல் நாளில் ஒரு நடிகர் ஓட்டுப் போட்டால், எங்கள் அலுவலகத்திலேயே 'வரிசையில் நின்று வாக்களித்தார்' என்று படக்குறிப்பு எழுதுவார்கள். பின்னே படுத்துக்கொண்டா போடுவார்? 'வரிசையில் நின்று' என்பதை நான் அடிப்பேன். அடுத்த தேர்தலில் அது மறுபடி முளைத்திருக்கும். பல தேர்தல் பார்த்துவிட்டேன், ஒரு தடவையும் ஜெயிக்கவில்லை.

அந்தச் சொல்லை நான் கக்கனுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். 1957-லிருந்து 1967 வரை அமைச்சர், கடைசியில் உள்துறை. பதவியெல்லாம் போன பிறகு உடம்பு முடியாமல் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், சாதாரண வார்டில். அங்கே சிகிச்சையில் இருந்த அரசியல்வாதி மதுரை முத்துவைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆருக்கு, கக்கனும் இதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்பது வந்த இடத்தில்தான் தெரிந்தது. போய்ப் பார்த்தார். இதை எல்லோரும் எம்.ஜி.ஆரின் பெருந்தன்மைக்காகவோ கக்கனின் நேர்மைக்காகவோ சொல்வார்கள், சரி. எனக்கு என்னவோ பக்கத்துக் கட்டில்காரர் மேல்தான் கண். மாநிலத்துப் போலீஸையே கையில் வைத்திருந்த மனிதரிடம் எத்தனை நாள் "பெருசு, அந்தச் செம்பைக் கொஞ்சம் இப்படிக் கொடு" என்று கேட்டிருப்பாரோ! அன்றைக்கு அந்த ஆளைப் பிடித்து ஒரு பேட்டி எடுக்க எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் தோன்றவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இந்த மாதிரி விஷயத்துக்கு எங்கள் அலுவலகத்து இளைஞர்கள் வைக்க நினைக்கும் தலைப்பு, 'பிரபலத்துடன் ஒரு என்கவுன்டர்'. ஆங்கிலத்தில் அதற்கு எதிர்ப்படுவது, சந்திப்பது என்றெல்லாம் பொருள் இருக்கலாம். தமிழில் ஒரே பொருள்தான். அதிகாலை நேரம், புதர் மறைவு, அரிவாளால் தாக்க முயற்சி, காவலர் ஒருவருக்குக் கையில் லேசான காயம், தற்காப்புக்காகச் சுட்டதில் 'பிரபல ரவுடி' பலி. 'பிரபல'மும் 'என்கவுன்டரு'ம் நம் நாளிதழ்களில் ஒரே வரியில் வருவது அந்த ஒரு இடத்தில்தான். உங்கள் நடிகரை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாமா?

எழுத்திலும் தகராறு. எங்கள் புரூஃப் ரீடர் இதை 'என்கவுண்டர்' என்று திருத்துவார். ன்-னுக்குப் பக்கத்தில் ட வராது, ண்-தான் வரும் என்பார். இலக்கணப்படி அவர் சொல்வது சரி. ஆனால் அப்படி எழுதினால் பிரித்துப் படிக்கையில் 'என் கவுண்டர்' ஆகிவிடுகிறதே, அது நான் டோக்கனோடு போய் நிற்க வேண்டிய இடமல்லவா என்பேன். பதினோரு வருஷச் சண்டை இது. இந்தப் பக்கத்தில் எந்த எழுத்து அச்சாகியிருக்கிறது என்பதைப் பார்த்தால் இந்த வாரம் யார் ஜெயித்தது என்று உங்களுக்கே தெரியும்.

லண்டனில் இருந்து 'என்கவுன்டர்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியர்களில் ஒருவர் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர். அவர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவுக்கு வந்துபோனதைப் பற்றி எழுத்தாளர் அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். அசோகமித்திரனுக்கு அங்கே நாளிதழ்களிலிருந்து செய்திகளை வெட்டிச் சேகரிக்கிற வேலை. நாள் முழுக்கப் பேப்பர் கிழிக்கிற ஆள் என்று மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். யாரோ பெரிய இங்கிலீஷ் கவிஞர் வருகிறார் என்று ஊழியர்களைக் கூட்டி உட்காரவைத்தார்கள். வந்தவர் பேசினார். என்ன பேசினார், எதற்கு நம்மிடம் பேசினார் என்று யாருக்கும் விளங்கவில்லை, உச்சரிப்பும் பிடிபடவில்லை. ரொம்ப நாள் கழித்து, ஒரு சிறுகதைப் போட்டிக்கு அனுப்பும் முன் அதை நடத்தும் பத்திரிகை எப்படிப்பட்டது என்று பார்க்க அசோகமித்திரன் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போகிறார். 'என்கவுன்டர்' இதழ்கள் யாரும் தொடாமல் இருக்கின்றன. ஆசிரியர் பெயரைப் படித்ததும்தான், அன்றைக்கு வந்துபோனவர் யார் என்று உறைக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த சந்திப்பு இது. ஆள் எதிரே நின்றபோது நடக்காதது, பல வருஷம் கழித்து நூலகத்தில் நடந்தது. (அந்தப் பத்திரிகைக்கு சி.ஐ.ஏ. பணம் வந்தது 1967-இல் வெளியானபோது ஸ்பெண்டர் விலகினார். எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. சந்தாதாரர்களே பணம் அனுப்புவதில்லை.)

இந்த இடத்தில் யாராவது வயலின் கதையை எடுப்பார்கள். மாதம் ஒருமுறை அது என் வாட்ஸ்அப்புக்கு வருகிறது, கூடவே 'அழகை ரசிக்க மறந்த மனித இனம்' என்ற புலம்பலும். நடந்தது இதுதான்: 2007 ஜனவரி 12 காலை, வாஷிங்டனில் ஒரு மெட்ரோ நிலைய வாசலில் உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல் தொப்பியோடு நின்று 43 நிமிடம் வாசித்தார். கையில் 1713-இல் செய்த ஸ்ட்ராடிவேரியஸ் என்ற விலை உயர்ந்த வயலின். கடந்து போனவர்கள் 1,097 பேர். ஒரு நிமிடமாவது நின்று கேட்டவர்கள் 7 பேர். அவரை அடையாளம் கண்டுகொண்டவர் ஒரே ஒருவர். சோதனையை நடத்தியது ஒரு நாளிதழ். காலை எட்டு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவனை ரசனையில் ஃபெயிலாக்குவது என்ன நியாயம்? எட்டு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் தியாகய்யரே உட்கார்ந்து பாடினாலும், "சாமி, தம்புராவைக் கொஞ்சம் ஓரமா" என்று சொல்லிவிட்டு நானும் ஓடித்தான் வண்டியைப் பிடிப்பேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'பிரபல நடிகர்' என்றீர்களே தவிரப் பெயரைச் சொல்லவில்லை. நகைக்கடையில் திருட்டுப் போனால் 'பிரபல நகைக்கடை' என்று மட்டும் போடுவோம். ஊருக்கே தெரிந்த கடைக்குப் பெயர் இருக்காது. விளம்பரம் போய்விடுமே என்ற பயம். உங்களுக்கு அந்தப் பயம் இருக்க நியாயமில்லை. ஆகவே ஒரு சந்தேகம்: அது அவர்தானா?

ஏன் கேட்கிறேன் என்றால், 1994-இல் நானும் அதே விழுப்புரத்தில்தான் ஒரு பிரபலத்தைப் பார்த்தேன். ஜங்ஷன் பிளாட்பாரம், ராத்திரி ஒரு மணி இருக்கும். டீ ஸ்டால் விளக்கு வெளிச்சத்தில் ஒரு வில்லன் நடிகர். அதே கட்டை மீசை, அதே புருவம். பக்கத்தில் போய் ஆட்டோகிராஃப் கேட்டேன்.

"நான் அவர் இல்ல தம்பி."

"புரியுது சார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நிஜமாவே இல்லப்பா. நிறைய பேர் இப்படித்தான் கேக்கறாங்க."

என்ன எளிமை என்று உருகிப்போனேன். (ஆமாம், மேலே எளிமை பற்றிப் பிரசங்கம் செய்த அதே ஆசாமிதான்.) என் வண்டிக்கு மணி அடித்துவிட்டது, நான் டைரியை நீட்டியபடியே நிற்கிறேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சின்னதாக ஒரு கிறுக்கல், கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே தேதி. நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

அந்தப் பக்கத்தை ஏழெட்டு மாதம் நண்பர்களிடம் காட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் சம்பளக் காசோலையை மாற்ற வேறோர் ஊரில் ஒரு வங்கிக்குப் போனேன். பித்தளை டோக்கனை உள்ளங்கை வியர்க்கப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம். என் கவுண்டர் வந்தது. (புரூஃப் ரீடர் கவனிக்க: இங்கே ண் சரி.) கம்பிக்குப் பின்னால் கட்டை மீசை. என் காசோலையைத் திருப்பி வைத்துக் கையெழுத்துப் போட்டார். சின்னக் கிறுக்கல், கீழே ஒரு கோடு, அதன் கீழே தேதி.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்கள் இருவரில் ஆளைச் சரியாக அடையாளம் கண்டவர் அவர்தான். மேஜையில் நூல் கட்டி வைத்திருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, அன்னைக்கு என் பேனாவையும் சேர்த்துக் கொண்டுபோயிட்டீங்க. இருக்கா?"