ஸ்லைட் இல்லாட்டியும் அது ட்ரொம்போன் தானா?

ட்ரொம்போன் எண்டா முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளுற குழாய் (அதுதான் ஸ்லைட்) வச்ச பித்தளை ஊதுகருவி. பட்டன் வச்ச ட்ரொம்போன் ஒண்டை வீடியோவில பாத்திட்டு இதுவும் ட்ரொம்போன் தானா எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஓம், அதுதான் வால்வ் ட்ரொம்போன், பட்டனை அமத்தினா வால்வ் திறந்து காத்து மேலதிகக் குழாயால சுத்திப் போகும். நான் திருகோணமலை, சேர்ச் பாண்ட்ல நாலஞ்சு வருசம் ட்ரொம்போன் ஊதினவன், அந்தப் பழக்கத்தில சொல்றன்.

எல்லாக் கூத்துக்கும் காரணம் எங்கட கையிட நீளம் தான். சாதாரண டெனர் ட்ரொம்போன்ல குழாய் கிட்டத்தட்ட 9 அடி, ஸ்லைடைத் தள்ளத் தள்ள அது இன்னும் நீண்டு சத்தம் அரை அரைச் சுரமா இறங்கும், ஸ்லைடை நிப்பாட்டுற இடம், அதாவது பொசிஷன், மொத்தம் 7, கோடு கீடு ஒண்டும் போட்டிருக்காது, காதை நம்பித்தான் நிப்பாட்டவேணும். ஏழாவதுக்குப் போனா எனக்குத் தோள்மூட்டு கழண்ட மாதிரி இருக்கும். இங்கிலாந்தில முந்தி ஜீ பேஸ் ட்ரொம்போன் எண்டு சத்தம் தாழ்ந்த, குழாய் நீளமான ஒண்டு ஊதினவை, அதுக்குக் கை எட்டவே எட்டாது, அதால ஸ்லைடில ஒரு கைபிடி பூட்டி அதைப் பிடிச்சுத் தள்ளுறது, மாங்காய்க்குக் கொக்கத்தடி மாதிரி. அதிலயும் தாழ்ந்த சத்தம் வாற கொன்ட்ராபேஸ் ட்ரொம்போன்ல ஸ்லைடையே ரெண்டா மடிச்சு விட்டவை. சாதாரண ஸ்லைட் ஒரு அங்குலம் தள்ளினா குழாய் 2 அங்குலம் நீளும், இதில 4. நல்ல மூளை!

சாக்ஸபோன் செய்த அடோல்ஃப் சாக்ஸ் இன்னும் ஒருபடி மேல, ஸ்லைடே வேண்டாம் எண்டு ஒவ்வொரு பொசிஷனுக்கும் தனித்தனிக் குழாய், 6 வால்வ், சிலதில 7 புனல் வேற, பாக்க ஊமத்தம்பூக் கொத்துத் தான். 1970கள்ல ஜாஸ் ட்ரம்பெட்காரர் மேனார்ட் ஃபெர்குசன் ஹோல்டன் கொம்பனியோட சேந்து கொண்டுவந்த சூப்பர்போன்ல ரெண்டுமே இருக்கு, இடது கை வால்வ், வலது கை ஸ்லைட். ஆனா வால்வை அமத்தினா குழாய் நீண்டிரும், அப்ப ஸ்லைட் பொசிஷன் எல்லாம் இன்னும் தள்ளித் தள்ளிப் போயிரும், அது பெரிய தலையிடி.

என்னைக் கேட்டா வால்வ்ல அந்த வழுக்கிக்கொண்டு போற சத்தம் வராது, ருசி குறைவு. ஆனா நெரிசலுக்கு அதுதான் சரி. ஒருக்கா திருநாள் பவனியில சந்தி திரும்பேக்க ஸ்லைடை நீட்டினன், முன்னால போன ட்ரம்காரன்ட பிடரியில டொக் எண்டு இடிச்சுது, அவன் திடுக்கிட்டுத் திரும்ப ட்ரம் பட்டு ஸ்லைட் நெளிஞ்சிட்டுது. உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையில இடைவெளியே இல்லாத சாமான், துளி நெளிவு போதும். நாலாவது பொசிஷனுக்கு அங்கால அசையேல்ல. மிச்சத் தூரம் முழுக்க எட்டின சுரத்தை மட்டும் ஊதிக்கொண்டு, மற்ற நேரம் கன்னத்தை உப்பிக்கொண்டு நடந்தன்.